நேன் வந்தால் என்ன செய்வது? மழைத் தரவை வைத்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு மாத மழைவீழ்ச்சியின் சராசரியைக் கேட்டீர்கள், புரோகிராம் எண்ணுக்குப் பதிலாக நேன் ("நொட் எ நம்பர்", அதாவது "எண் அல்ல" என்பதன் சுருக்கம்) என்று எழுதிவிட்டு நிற்கிறது. பிழைச் செய்தி ஒன்றும் இல்லை, எந்த வரியில் கோளாறு என்றும் தெரியவில்லை. கனபேர் இந்த இடத்தில் உடனே இணையத்தில் தேடி, வெற்றிடத்தை எல்லாம் பூச்சியத்தால் நிரப்புகிற ஒற்றை வரியை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். விடை வந்துவிடும். அது பிழையான விடை என்பது ஒருவருக்கும் தெரியாமல் அறிக்கையில் ஏறிவிடும். அந்த ஒற்றை வரியை ஒட்டுவதற்கு முன் நீங்கள் இதை வாசிக்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் எடுத்துப் பைதன் கொஞ்சம் பழகியவர்களும், பல்கலைக்கழகத்தில் முதல் செயற்றிட்டத்தைத் தொடங்கியிருப்பவர்களும் இதைப் பின்தொடரலாம். உதாரணங்கள் பெரும்பாலும் பைதனில், நம்பை (எண் அணிகளுக்கு), பாண்டாஸ் (அட்டவணைத் தரவுக்கு) ஆகிய நூலகங்களோடு. பெயர்களைத் தமிழில் எழுதியிருக்கிறேன், கணினியில் வழமைபோல ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

மழைத் தரவை எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரைதான். சோழகம் வீசுகிற ஆனி, ஆடி மாதங்களில் வாரக்கணக்காக மழைமானியில் ஒரு துளியும் இருக்காது. ஆகவே இங்கே பூச்சியம் என்பது உண்மையான அளவீடு, ஒருவர் போய்ப் பார்த்து "இன்றைக்கு மழை இல்லை" என்று எழுதியது. கார்த்திகையில் ஒரு நாள் வெள்ளத்தில் யாரும் போய்ப் பார்க்கவில்லை என்றால் அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கும். இந்த இரண்டையும் ஒன்றாக்கினால், அதிக மழை பெய்த நாளே மழையில்லாத நாளாகப் பதிவாகிவிடும்.

படி 1: நேன் எப்படிப் பிறக்கிறது என்று கையால் செய்து பாருங்கள்

பைதனைத் திறந்து ஃப்ளோட் என்ற செயற்பாட்டுக்குள் மேற்கோள் குறியில் "இன்ஃப்" என்று கொடுத்தால் முடிவிலி கிடைக்கும். முடிவிலியிலிருந்து முடிவிலியைக் கழியுங்கள். நேன். முடிவிலியைப் பூச்சியத்தால் பெருக்குங்கள், அதுவும் நேன். முடிவிலியை முடிவிலியால் வகுத்தாலும் அதேதான். கணிதத்தில் தீர்மானிக்க முடியாத வடிவங்கள் என்று படித்திருப்பீர்களே, அவைதான் இவை. எந்த எண்ணைச் சொன்னாலும் பொய்யாகிவிடும் என்பதால் கணினி எண் சொல்ல மறுக்கிறது.

பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுப்பதும், மறை எண்ணுக்கு வர்க்கமூலம் அல்லது மடக்கை எடுப்பதும் இதே வகைதான், ஆனால் இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். தனிப் பைதனில் 0.0-ஐ 0.0-ஆல் வகுத்தால் நேன் வராது, பூச்சியத்தால் வகுத்தாய் என்று பிழை எறிந்து நின்றுவிடும். மத் மொடியூலில் மறை எண்ணுக்கு வர்க்கமூலம் கேட்டாலும் அப்படித்தான். அதே கணக்கை நம்பை அணியில் செய்தால் ஓர் எச்சரிக்கை வரியை மட்டும் எழுதிவிட்டு நேனைப் போட்டுக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். ஜாவாஸ்கிரிப்ட் அந்த எச்சரிக்கையைக்கூடத் தராது. "என் கணினியில் பிழை வந்தது, நண்பனுடையதில் வரவில்லை" என்ற குழப்பத்தின் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் ஒரு முறை தெரிந்துகொண்டால் பிறகு பயம் இருக்காது. வழமையான 64 பிட் தசம எண்ணில் 1 பிட் குறிக்கு, 11 பிட் அடுக்குக்கு, 52 பிட் பின்னப் பகுதிக்கு. அடுக்கின் 11 பிட்டும் 1 ஆக இருந்து பின்னம் முழுக்கப் பூச்சியமாக இருந்தால் அது முடிவிலி. அதே 11 பிட்டும் 1 ஆக இருந்து பின்னத்தில் ஏதாவது ஒரு பிட் 1 ஆக இருந்தால் நேன். ஆகவே நேன் என்பது ஒரே ஒரு பிட் வடிவம் இல்லை, 2-இன் 53-ஆம் அடுக்கிலிருந்து 2 குறைவான அளவு வடிவங்கள் எல்லாமே நேன்தான். இந்த ஏற்பாடு 1985-இல் வெளியான ஐஇஇஇ 754 நியமத்தில் வந்தது. அதன் முதன்மைச் சிற்பி வில்லியம் கஹான், 1989-இல் கணினியியலின் உயர் விருதான டூரிங் விருது பெற்றவர். அதற்கு முன் ஒவ்வொரு கணினிக் கம்பனியும் தன் விருப்பப்படி தசமக் கணக்கைச் செய்தது, ஒரே புரோகிராம் இரண்டு இயந்திரத்தில் இரண்டு விடை தந்தது. இன்றைக்கு உங்கள் மடிக்கணினியும் கைத்தொலைபேசியும் ஒரே மாதிரி நேன் என்று சொல்வது அந்த நியமத்தின் புண்ணியம்.

நேனோடு எதைக் கூட்டினாலும் பெருக்கினாலும் நேன்தான். பூச்சியத்தால் பெருக்கினாலும் போகாது, இதை நன்றாக மனதில் பதியுங்கள், ஏனென்றால் "வேண்டாத இடத்தை 0-ஆல் பெருக்கி அழிக்கிறேன்" என்று கோட் எழுதுகிற பழக்கம் பலரிடம் இருக்கிறது. வேண்டாத இடத்தில் நேன் இருந்தால் அது அழியாது, மொத்தத்தையும் கொண்டுபோய்விடும். நம்பையின் வேர் ("எங்கே" என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்) என்ற செயற்பாட்டால் தெரிந்தெடுப்பதுதான் வழி. விதிவிலக்கும் உண்டு: நேனின் 0-ஆம் அடுக்கு 1 என்றுதான் வரும், எந்த எண்ணின் 0-ஆம் அடுக்கும் 1 என்பதால்.

படி 2: கண்டுபிடிக்கச் சரியான கேள்வியைக் கேளுங்கள்

அ என்ற மாறிக்குள் நேன் இருக்கிறது என்று வையுங்கள். அ == நேன் என்று கேட்டால் பொய் என்று வரும். அ == அ என்று கேட்டாலும் பொய். அ > 5 பொய், அ < 5 பொய், அ == 5 பொய். உண்மை என்று வருவது != மட்டும்தான். எனவே அ != அ என்பது உண்மையானால் அது நேன் என்று பிடிக்கலாம், பழைய கோட்களில் இந்த வடிவத்தைப் பார்த்தால் திகைக்காதீர்கள். நீங்கள் எழுதும்போது மத் மொடியூலின் இஸ்நேன், நம்பையின் இஸ்நேன், பாண்டாஸின் இஸ்னா இவற்றில் பொருத்தமானதை எழுதுங்கள், பிறகு வாசிக்கிறவருக்கும் விளங்கும்.

ஒப்பீடு எல்லாம் பொய்யாவதால் வருகிற ஆபத்தை ஓர் உதாரணத்தில் பாருங்கள். குளத்து நீர்மட்டத்தை உணரி ஒன்று அனுப்புகிறது, மட்டம் 2.5 மீற்றரைத் தாண்டினால் எச்சரிக்கைக் குறுஞ்செய்தி போக வேண்டும். "மட்டம் > 2.5 என்றால் எச்சரி" என்று எழுதியிருக்கிறீர்கள். அடைமழையில் உணரியின் வயர் நனைந்து நேன் வருகிறது. நேன் > 2.5 பொய், ஆகவே எச்சரிக்கை போகாது, திரையில் எல்லாம் சரி என்று பச்சை நிறம் காட்டும். இதையே "மட்டம் <= 2.5 என்றால் பச்சை, இல்லாவிட்டால் எச்சரி" என்று எழுதியிருந்தால் நேன் வரும்போது எச்சரிக்கை போயிருக்கும். பள்ளிக் கணிதத்தில் இரண்டும் ஒன்று, நேன் இருக்கும் உலகத்தில் ஒன்றில்லை. மூன்றாவதாக ஒரு கிளை வைத்து, முதலில் இஸ்நேன் கேட்டு, "அளவீடு கிடைக்கவில்லை" என்று தனியாகச் சொல்வதுதான் நேர்மையான வடிவம். உயிர், உடைமை சம்பந்தப்பட்ட எந்தக் கோட்டிலும் அந்த மூன்றாவது கிளை இல்லாமல் விடாதீர்கள்.

பெரியதைத் தேடுவதிலும் வரிசைப்படுத்துவதிலும் இதே கதை. பைதனின் மக்ஸ் செயற்பாட்டுக்கு நேன், 5 என்ற ஒழுங்கில் கொடுத்தால் நேன் வரும், 5, நேன் என்று கொடுத்தால் 5 வரும். சோர்ட்டட் செயற்பாடு நேன் உள்ள பட்டியலை அரைகுறையாக அடுக்கிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும், பிழை ஒன்றும் எறியாது. நம்பை வரிசைப்படுத்தும்போது நேனை எல்லாம் கடைசியில் தள்ளும், பாண்டாஸும் அப்படியே. ஆகவே பைதன் பட்டியலாக இருந்தால், முதலில் நேனை வடிகட்டிவிட்டு வரிசைப்படுத்துங்கள்.

படி 3: கோப்பை வாசிக்கிற இடத்திலேயே எண்ணுங்கள்

புதியவர்களுக்கு வருகிற நேனில் பெரும்பாலானவை கணக்கில் பிறந்தவையே இல்லை, எக்செல் கோப்பிலிருந்து வந்தவை. பாண்டாஸின் ரீட் சிஎஸ்வி, வெறுங்கட்டத்தையும் "நல்", "என்/ஏ", "என்ஏ" போன்ற சில ஆங்கிலச் சொற்களையும் தானாகவே நேன் ஆக்கிவிடும். ஆனால் யாரோ ஒருவர் கட்டத்தில் "இல்லை" என்றோ ஒரு சிறு கோடோ போட்டிருந்தால் அதற்குத் தெரியாது, முழு நிரலையும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். இன்னும் மோசம், சில இடங்களில் காணாத அளவீட்டுக்கு -99 அல்லது -999 என்று எழுதுகிற வழக்கம் உண்டு. அது எண் என்பதால் எந்தத் தடையும் இல்லாமல் சராசரிக்குள் நுழைந்துவிடும். இவற்றை எல்லாம் கோப்பை வாசிக்கும்போதே என்ஏ வால்யூஸ் என்ற வாதத்தில் பட்டியலிட்டுக் கொடுங்கள்.

வாசித்து முடித்த அடுத்த வரியிலேயே ஒவ்வொரு நிரலிலும் எத்தனை நேன் என்று இஸ்னா போட்டுக் கூட்டி அச்சிடுங்கள். இதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கோப்பை எக்செலில் திறந்து வெறுங்கட்டங்களைக் கண்ணால் எண்ணிப் பார்த்த கணக்கும் இதுவும் பொருந்த வேண்டும். எழுத்தாக வந்த நிரலை எண்ணாக்க டு நியூமெரிக் செயற்பாட்டில் கோயெர்ஸ் என்று கொடுக்கிறவர்கள் கட்டாயம் முன்னும் பின்னும் எண்ணுங்கள், ஏனென்றால் அது விளங்காத எதையும் நேன் ஆக்கிவிடும், "1,250" என்று காற்புள்ளியோடு எழுதிய நல்ல எண்ணையும் சேர்த்துத்தான். நேன் தொகை திடீரென்று ஏறியிருந்தால் காற்புள்ளியோ, அலகோ, ஒரு வெற்றிட எழுத்தோ ஒட்டியிருக்கிறது.

இன்னொன்றும் இங்கே நடக்கும். முழு எண் நிரலில் ஒரேயொரு கட்டம் வெறுமையாக இருந்தாலும் பாண்டாஸ் முழு நிரலையும் தசம எண்ணாக மாற்றிவிடும், முழு எண் வகைக்குள் நேனுக்கு இடம் இல்லை என்பதால். 12 இலக்க அடையாள அட்டை இலக்கங்கள் எல்லாம் கடைசியில் .0 என்று தொங்கிக்கொண்டு நிற்கும். இலக்கங்களை, தொலைபேசி எண்களை எழுத்தாகவே வாசியுங்கள், அவற்றைக் கூட்டவோ பெருக்கவோ போவதில்லையே. உண்மையான எண்ணிக்கை என்றால் பெரிய ஐ எழுத்தில் தொடங்குகிற இன்ட்64 வகை இருக்கிறது, அது வெறுமையையும் தாங்கும்.

படி 4: கணக்கின் நடுவில் பிறந்ததைத் துரத்துங்கள்

கோப்பு சுத்தம், ஆனாலும் விடையில் நேன். அப்படியென்றால் உங்கள் கோட்டின் ஏதோ ஒரு வரியில் அது பிறந்திருக்கிறது. விடையைப் பார்த்துக்கொண்டு யோசிப்பதில் பயன் இல்லை, பிறந்த வரியைப் பிடியுங்கள். நம்பையில் இதற்கு மிக நல்ல கருவி இருக்கிறது: செட் எர் என்ற செயற்பாட்டில் இன்வலிட் என்ற வாதத்துக்கு ரெய்ஸ் என்று கொடுத்தால், செல்லாத கணக்கு நடந்த அந்தக் கணமே பிழை எறிந்து நிற்கும், வரி இலக்கமும் தெரியும். டிவைட், ஓவர் ஆகியவற்றுக்கும் அப்படியே கொடுங்கள், ஏனென்றால் நேனுக்கு முன்னால் பெரும்பாலும் ஒரு முடிவிலி வந்திருக்கும். தேடி முடிந்ததும் பழைய நிலைக்கு மாற்றிவிடலாம். அந்தக் கருவி பிடிக்காத இடங்களில், ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் நேன் எண்ணிக்கையை அச்சிட்டு, பூச்சியமாக இருந்தது எந்த இடத்தில் பூச்சியமில்லாமல் போனது என்று பார்த்தால் போதும். நீளமான கோட் என்றால் நடுவில் ஒன்று வைத்து, எந்தப் பாதியில் என்று பார்த்து, அந்தப் பாதியின் நடுவில் இன்னொன்று.

இப்படிப் பிடித்தால் எப்படிப்பட்டவை அகப்படும் என்று ஒன்றைக் கிட்டப் பார்ப்போம். மழைமானி உள்ள இடங்களுக்கு இடையிலான தூரத்தைக் கணக்கிடுகிறீர்கள்: திருநெல்வேலி, காங்கேசன்துறை, பருத்தித்துறை, நெடுந்தீவு. அகலாங்கு, நெட்டாங்கை எடுத்து, கோள மேற்பரப்பில் கோசைன் விதியைப் போட்டு, கடைசியில் நேர்மாறு கோசைன் எடுத்துப் புவியின் ஆரையால் பெருக்க வேண்டும். எல்லாச் சோடிக்கும் சரியான தூரம் வருகிறது, ஓர் இடத்திலிருந்து அதே இடத்துக்கான தூரத்தில் மட்டும், பூச்சியம் வர வேண்டிய தூர அட்டவணையின் மூலைவிட்டத்தில், சில கட்டங்களில் நேன். காரணம் இதுதான்: சைன் வர்க்கமும் கோசைன் வர்க்கமும் கூடினால் 1 என்பது தாளில். கணினியில் ஒவ்வொரு பெருக்கலும் கடைசி இலக்கத்தில் வட்டமாக்கப்படுவதால் சில அகலாங்குகளுக்கு அந்தக் கூட்டல் 1.0000000000000002 என்று வந்துவிடும். 1-ஐ விடப் பெரிய எண்ணுக்கு நேர்மாறு கோசைன் கிடையாது. நேன்.

இங்கே நேனைப் பூச்சியமாக மாற்றினால் தற்செயலாகச் சரியான விடைதான் வரும், அதனால்தான் இது இன்னும் ஆபத்து. நாளைக்கு யாரோ ஓர் அகலாங்கை வெறுமையாக விட்டால் அந்தத் தூரமும் பூச்சியமாகிவிடும், நெடுந்தீவு திருநெல்வேலிக்குள் வந்து உட்கார்ந்துவிடும். சரியான திருத்தம் நேர்மாறு கோசைனுக்கு முன்னால் இருக்கிறது: எண் 1-ஐ மிகச் சிறிதளவு தாண்டியிருந்தால் 1-க்கு வெட்டிவிடுங்கள், நம்பையின் கிளிப் அதைச் செய்யும், நேன் இருந்தால் அதைத் தொடாமல் விட்டுவிடும். 1.3 என்று வந்தால் வெட்டாதீர்கள், அங்கே வாய்ப்பாடே பிழை, பாகையை ரேடியனாக மாற்றும்போது ஏதோ தவறியிருக்கும். கிட்டக் கிட்ட உள்ள இடங்களுக்கு ஹவர்சைன் வாய்ப்பாடு இதை விடத் துல்லியம், முடிந்தால் அதற்கே மாறுங்கள்.

நியம விலகலிலும் இதே நோய் வரும். வர்க்கங்களின் சராசரியிலிருந்து சராசரியின் வர்க்கத்தைக் கழிக்கும் குறுக்கு வாய்ப்பாட்டைத் தேர்வுத் தாளுக்காகப் படித்திருப்பீர்கள். எண்கள் பெரிதாகவும் ஒன்றுக்கொன்று கிட்டவும் இருந்தால் அந்தக் கழித்தல் மறை எண்ணில் போய் முடியலாம், வர்க்கமூலம் நேன் ஆகும். முதலில் சராசரியைக் கண்டு, பிறகு விலகல்களை வர்க்கித்துக் கூட்டினால் இந்தப் பிரச்சினையே இல்லை, நம்பையின் எஸ்டிடி அப்படித்தான் செய்கிறது. ஒரேயொரு அளவீடு உள்ள குழுவுக்குப் பாண்டாஸில் நியம விலகல் கேட்டாலும் நேன் வரும். அது பிழை இல்லை. ஒன்றை வைத்து விலகலைச் சொல்ல முடியாது, எண்ணிக்கையில் 1 குறைத்து அதனால் வகுப்பதால் கீழே பூச்சியம் வந்துவிடும். அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

படி 5: என்ன செய்வது என்று தீர்மானியுங்கள்

இப்போது மழைக்கு வருவோம். ஐந்து நாள் அளவீடு மில்லிமீற்றரில்: 12, 0, வெறுமை, 45, 3. (உதாரணத்துக்கு நான் எழுதிய எண்கள்.) நம்பையின் மீன் செயற்பாடு நேன் தரும். நேன்மீன் செயற்பாடு தெரிந்த நான்கையும் கூட்டி 60-ஐ நான்கால் வகுத்து 15 என்று சொல்லும், பாண்டாஸும் கேட்காமலேயே அதையே சொல்லும். பூச்சியத்தால் நிரப்பினால் 60-ஐ ஐந்தால் வகுத்து 12. மூன்று விடையில் எது சரி என்று கணினியைக் கேட்காதீர்கள், அந்த நாள் என்ன நடந்தது என்று அளந்தவரைக் கேளுங்கள். மழை இல்லாத நாளை வெறுமையாக விடுவது அவருடைய பழக்கம் என்றால் 12 சரி, பூச்சியத்தால் நிரப்பலாம், அறிக்கையில் அதை எழுதியும் வையுங்கள். அளக்கவில்லை என்றால் 12 பொய். 15-கூட முழு உண்மை இல்லை, அந்த நாளும் மற்ற நாட்களைப் போல இருந்தது என்ற ஊகம் அதற்குள் இருக்கிறது.

கூட்டுத்தொகையில் இதை விடப் பெரிய குழி உண்டு. பாண்டாஸின் சம் நேனைத் தாண்டிக் கூட்டும் என்று தெரியும். ஒரு மாதம் முழுவதும் நேன் என்றால்? விடை 0. நம்பையின் நேன்சம் செயற்பாடும் 0 என்றே சொல்லும். எதுவுமே இல்லாத பட்டியலின் கூட்டுத்தொகை பூச்சியம் என்பது கணித வழக்கம், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் மழைமானி பழுதாகி மாதம் முழுவதும் அளக்காத கார்த்திகை, வரைபடத்தில் மழையே பெய்யாத கார்த்திகையாகத் தெரியும். நீங்கள் பூச்சியத்தால் நிரப்பவே இல்லை, ஆனாலும் பூச்சியம் வந்து நிற்கிறது. இதற்கு மின் கவுண்ட் என்ற வாதம் இருக்கிறது: குறைந்தது இத்தனை உண்மையான அளவீடு இருந்தால்தான் கூட்டுத்தொகை, இல்லாவிட்டால் நேன். 1 என்று கொடுத்தால் முழு வெறுமை மாதம் நேன் ஆகவே நிற்கும். மாத மழைக்கு நான் 1 போதாது என்பேன். மூன்றே நாள் அளந்த மாதத்தை மாதத் தொகை என்று சொல்வதற்கு எனக்கு மனம் வராது. எத்தனை நாள் வேண்டும் என்பதை உங்கள் மேற்பார்வையாளரோடு பேசித் தீர்மானித்து, ஒவ்வொரு மாதத் தொகைக்குப் பக்கத்திலும் எத்தனை நாள் அளந்தது என்று ஒரு நிரல் வையுங்கள்.

முன்பின் அளவீடுகளைப் பார்த்து இடையை நிரப்புகிற இன்டர்போலேட், முன்னைய அளவீட்டையே இழுத்துக்கொண்டு போகிற எஃப்ஃபில், இவை தரவைப் பொறுத்தவை. கிணற்று நீர்மட்டம் மெல்ல மெல்ல ஏறி இறங்குவது. மாசியில் இரண்டு அளவீட்டுக்கு இடையில் ஒரு நாள் விடுபட்டால் நடுவில் ஒரு கோடு இழுப்பது நியாயம். தினசரி மழை அப்படி இல்லை. நேற்று 80, நாளைக்கு 0 என்றால் இன்றைக்கு 40 என்று எந்த வானமும் ஒத்துக்கொள்ளாது. மழைக்கு இடைநிரப்பல் செய்யாதீர்கள். செய்தே ஆக வேண்டும் என்றால் கிட்டவுள்ள இன்னொரு மழைமானியின் அளவீட்டை வைத்து மதிப்பிட்டு, மதிப்பிட்டது என்று தனியாகக் குறித்து வையுங்கள்.

ட்ரொப்னா போட்டு நிரையையே நீக்குவது எளிது, ஆனால் அது இயல்பாக ஏதாவது ஒரு நிரலில் நேன் இருந்தாலே முழு நிரையையும் எடுத்துவிடும். "குறிப்பு" நிரல் வெறுமையாக இருப்பதற்காக நல்ல அளவீடு எல்லாம் போய்விடும். சப்செட் என்ற வாதத்தில் எந்த நிரலைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். நிரைகளைக் குழுவாக்கும் "குரூப்பை" செயற்பாட்டைப் போடும்போதும் கவனம்: குழுவாக்கும் நிரலில், உதாரணமாக ஊர்ப் பெயரில், வெறுமை இருந்தால் அந்த நிரைகள் சத்தமில்லாமல் விடுபடும், மொத்தம் பொருந்தாது. ட்ரொப்னா வாதத்தைப் பொய் என்று கொடுத்தால் அவையும் ஒரு குழுவாக வரும்.

நேன் டு நம் என்ற நம்பைச் செயற்பாட்டைப் பற்றியும் ஒரு சொல். நேனைப் பூச்சியமாகவும் முடிவிலியை மிகப் பெரிய எண்ணாகவும் மாற்றிவிடும். எனக்கு இதை ஒருவருடைய கோட்டில் கண்டால் உடனே கேட்கத் தோன்றுவது, இந்த இடத்தில் பூச்சியம் ஏன் உண்மை என்பதுதான். பதில் இருந்தால் கொமென்டாகப் பக்கத்தில் எழுதுங்கள், இல்லாவிட்டால் எடுத்துவிடுங்கள்.

படி 6: வெளியே அனுப்பும்போது

புரோகிராம்களுக்கு இடையில் தரவை அனுப்பும் ஜேசன் வடிவத்தின் நியமத்தில் நேனுக்கு இடம் இல்லை. இருந்தாலும் பைதனின் ஜேசன் மொடியூல் நேன் என்றே எழுதி அனுப்பும், மறுபக்கத்தில் ஜாவாஸ்கிரிப்ட் அதை வாசிக்க மறுத்துப் பக்கமே உடையும். அலவ் நேன் என்ற வாதத்தைப் பொய் என்று வைத்தால் அனுப்பும் இடத்திலேயே பிழை வரும், அங்கே நீங்களே நல் (மதிப்பு இல்லை என்ற குறி) என்று மாற்றலாம். ஜாவாஸ்கிரிப்ட் அனுப்பும்போது தானாக நல் ஆக்கிவிடும்.

இணையப் படிவத்தில் இலக்கம் வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் சோதியுங்கள்: ஜாவாஸ்கிரிப்டின் நம்பர் செயற்பாட்டுக்கு வெறும் எழுத்துத் தொடரைக் கொடுத்தால் 0 வரும், பார்ஸ் ஃப்ளோட்டுக்குக் கொடுத்தால் நேன் வரும். ஆகவே ஒருவர் மழை அளவை எழுதாமல் அனுப்பு பொத்தானை அழுத்தினால், நம்பர் பாவித்த படிவம் "மழை இல்லை" என்று பதிந்துவிடும். மறுபக்கம் பார்ஸ் ஃப்ளோட் "1,250" என்பதை 1 என்று வாசிக்கும். முதலில் வெறுமையா என்று பார்த்து, பிறகு நம்பரால் மாற்றி, பிறகு நம்பர் டொட் இஸ்நேன் போட்டுப் பாருங்கள். வெறுமனே இஸ்நேன் என்று இருக்கிற பழையது, கொடுத்ததை முதலில் எண்ணாக்கப் பார்ப்பதால் "யாழ்ப்பாணம்" என்ற சொல்லுக்கும் உண்மை என்று சொல்லும்.

தரவுத்தளத்தில் நேனும் நல்லும் வேறு வேறு. போஸ்ட்கிரஸில் நேன் தனக்குத் தானே சமம், மற்ற எல்லா எண்ணையும் விடப் பெரியது, வரிசையும் சுட்டியும் வேலை செய்வதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அதிக மழை பெய்த நாள் எது என்று கேட்டு நேன் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், சேமிக்கும் முன்பே நல் ஆக்குங்கள்.

இயந்திரக் கற்றல் மொடல் பயிற்றுவிக்கிறவர்களுக்கு

பயிற்சி நன்றாகப் போய்க்கொண்டிருந்து திடீரென்று லொஸ் (மொடலின் பிழையளவு) நேன் ஆகிவிட்டால், அதற்குப் பிறகு ஓடுவது எல்லாம் மின்சாரச் செலவு, நிறுத்துங்கள். முதலில் உள்ளீட்டுத் தரவில் நேன் இருக்கிறதா என்று பாருங்கள், பலமுறை அங்கேயே முடிந்துவிடும். அடுத்தது கற்றல் வீதம், பத்தில் ஒரு பங்காக்கிப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் பூச்சியத்துக்கு மடக்கை எடுக்கிற இடம் எங்கே என்று தேடுங்கள்: அது மறை முடிவிலி, அதைப் பூச்சியத்தால் பெருக்கினால் நேன். மடக்கையையும், மதிப்புகளை நிகழ்தகவுகளாக்கும் சொஃப்ட்மக்ஸையும் தனித்தனியாக எழுதாமல், இரண்டையும் சேர்த்துச் செய்யும் ஆயத்த லொஸ் செயற்பாட்டைப் பாவித்தால் இந்த வகை பெரும்பாலும் மறைந்துவிடும். 16 பிட் தசமத்தில் ஓட்டுகிறவர்கள் அதன் உச்ச எண் 65504 மட்டுமே என்பதை நினைவில் வையுங்கள், அதற்கு மேல் முடிவிலி. பைடோர்ச் நூலகத்தில் டிடெக்ட் அனோமலி என்ற ஒன்று இருக்கிறது, பின்னோக்கிய கணக்கில் நேன் பிறந்த இடத்தைக் காட்டும். மெதுவாக ஓடும், தேடும்போது மட்டும் போடுங்கள்.

சி மொழியில் எழுதுகிறவர்களுக்கு ஒன்று மட்டும். ஜிசிசி கம்பைலரில் ஃபாஸ்ட் மத் என்ற தெரிவைப் போட்டால், நேன் என்று ஒன்று வரவே வராது என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளும். நீங்கள் கவனமாக எழுதிய இஸ்நேன் சோதனையையே தேவையில்லை என்று நீக்கிவிடலாம். நேனை முழு எண்ணாக மாற்றுவதும் சி-யில் வரையறுக்கப்படாதது, ஜாவாவில் 0 ஆகிவிடும், பைதன் மட்டும் முடியாது என்று நின்றுவிடும். மாற்றும் முன் கேளுங்கள்.

சோதனை எழுதும்போது

நேன் வர வேண்டிய இடத்தில் நேன் வருகிறதா என்றும் சோதனை எழுதுங்கள், வரக்கூடாத இடத்தை மட்டும் சோதித்தால் போதாது. விடையும் எதிர்பார்ப்பும் இரண்டும் நேன் என்றாலும் == பொய் என்பதால் சோதனை தோற்கும். நம்பையின் ஆல் க்ளோஸ் செயற்பாட்டில் ஈக்வல் நேன் என்ற வாதத்தை உண்மை என்று கொடுங்கள், அல்லது நம்பையின் டெஸ்டிங் பகுதியில் உள்ள அசெர்ட் ஈக்வல், அது நேனுக்கு நேனைச் சமமாகவே எடுக்கும். மழைப் புரோகிராமுக்கு நான் எழுதச் சொல்வது இந்த நான்கு: எல்லா நாளும் அளந்த மாதம், ஒரு நாள் விடுபட்ட மாதம், முழுவதும் பூச்சியமான ஆடி, முழுவதும் வெறுமையான கார்த்திகை. கடைசி இரண்டுக்கும் ஒரே விடை வந்தால் திரும்பப் படி 5-க்குப் போய் மின் கவுண்ட்டைப் பாருங்கள்.